இரத்தம் வேறாயினும்

நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் கைக்குழந்தைக்குக் காமாலை கண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இளவெயிலில் காட்டினால் போய்விடுமென்று அண்டை வீட்டார் சொல்வர். பிறந்த சில தினங்களில் தோன்றும் காமாலை பெரும்பாலும் தானே மறைவதும் உண்மையே. ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீங்காமல், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்குமாயின், பித்தநாளம் அடைபட்டிருக்கக்கூடும். அப்பொழுது மலைமேல் மேகம் விலகட்டுமென்று காத்திருப்பது பேராபத்தாகும்.

இரண்டு மாதத்திற்குள் கண்டறிந்தால், ஜப்பானிய வைத்தியர் கஸாய் வகுத்த சஸ்திர சிகிச்சையால் பித்தத்திற்கு வழி செய்யலாம். அது பலிக்காவிடில் மாற்று ஈரலே கதி. 1998ஆம் வருஷம் டில்லியில், காஞ்சீபுரத்துக் குழந்தையொன்றுக்கு இந்நோயின் பொருட்டே தகப்பனாரின் ஈரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. அப்பிள்ளை பிழைத்து வளர்ந்து, தாமும் டாக்டரானார்.

பெற்றோரின் இரத்தவகை பொருந்தாவிடில் என்ன செய்வது? ஏ, பி, ஓ என்னும் வகைகளை லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டார். ஓ வகையார் எவர்க்கும் ஈரல் அளிக்கலாம். தமக்கோ ஓ வகையாரிடமிருந்தே பெறவேண்டும் என்பது நெடுநாளைய விதி. மீறினால் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் புதிய ஈரலைத் தாக்கும். எனினும் ஒரு வயதுக்குட்பட்ட சிசுவிடம் அவ்வெதிர்ப்பொருள்கள் சொற்பமாதலின், மாறான வகை ஈரலையும் அதன் உடல் பெரும்பாலும் ஏற்கிறது. வயது வந்தோர்க்கு ரிடுக்ஸிமாப் என்னும் மருந்தை முன்கூட்டியே செலுத்தி, பிளாஸ்மாவை மாற்றி வழி செய்கின்றனர். இறந்தோர் தானம் அரிதாயிருந்த ஜப்பானே இம்முறையில் முன்னின்றது.

அபாயம் அறவே நீங்கியதென்று நாம் கூறவில்லை. தொற்றுநோயும், பித்தநாளம் சுருங்குதலும் இன்னும் அஞ்சத்தக்கவை. பொருந்தும் வகை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. வகை பொருந்தாத இரு குடும்பங்கள் தம்முள் தானத்தை மாற்றிக்கொள்ளவும் 1994ஆம் வருஷத்துச் சட்டத்தின் 2011ஆம் வருஷத் திருத்தம் இடமளிக்கிறது. ஆகவே, "இரத்தம் சேரவில்லை" என்ற ஒரு சொல்லோடு எந்தத் தாயையும் திருப்பியனுப்புதல் இனி நியாயமாகாது.

சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் 2009ஆம் வருஷமே ஈரல் மாற்று நடந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இச்சிகிச்சையை ஏற்கிறது. உதகமண்டலத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. எனினும் தாயோ தந்தையோ ஈரலை அளித்து வாரக்கணக்கில் படுத்திருக்கையில் அவர்தம் தினக்கூலியை யார் தருவர்? மலையினின்று இறங்கிச் செல்வோர்க்குச் சமவெளியில் தங்க இடம் எது? இவற்றுக்குச் சர்க்காரும் தோட்ட முதலாளிகளும் விடை கூறவேண்டும்.

அதற்கும் முந்திய கடமை ஒன்றுண்டு. ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு சிசுவின் கண்ணையும் தாதியர் நோக்கட்டும்; மலத்தின் நிறம் யாதென்று தாயைக் கேட்கட்டும். அக்கேள்விக்குக் காசு செலவில்லை. அதைக் கேளாமல் விட்டால் நேரும் நஷ்டத்தை எந்தப் பொக்கிஷத்தாலும் ஈடுசெய்ய இயலாது.