ஒரு கண்ணுக்கு எட்டுத் தரம் கடல்

"கண்ணிலை வெள்ளை விழுந்திட்டுது. முத்தட்டும், பிறகு வெட்டுவம்." யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக் கிழவர் கிழவிகளின் வாயில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். அறியாமை என்று சிரிக்க வேண்டாம். கண்புரை இறுகினால்தான் முழுதாக எடுக்கலாம் என்றிருந்த நாட்களில் வைத்தியர்களே சொன்ன புத்திமதி அது. எடுத்த பிறகு சோடாப் போத்தல் அடி மாதிரி ஒரு கண்ணாடி போடவேண்டும்.

1949இல் இலண்டனில் ஹரோல்ட் ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைத்தார். அது ஏழையின் கண்ணை எட்ட நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. மதுரையில் 1976இல் பதினொரு கட்டிலோடு டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலாப் என்ற தொழிற்கூடத்தை நிறுவி, நூறு டொலர் வாக்கில் விற்ற வில்லையைப் பத்து டொலர் வாக்குக்கு இறக்கியது. இன்று முத்தவிடுவதுதான் கெடுதல். இறுகிய புரையை எடுப்பது கடினம், கண் தேறவும் நாளாகும்.

தீவார் இன்னும் பிந்தி வருவதற்குக் கடல்தான் காரணம். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது, வெட்டுவதற்குக் காசில்லை. ஊர்காவற்றுறைக்காரர் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வந்து பின்னேரமே வீடு திரும்பலாம். நயினாதீவாருக்கு நாகபூஷணி அம்மனும் நாகவிகாரையும் துணை. யாத்திரிகர் வருவதால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கோ ஒரு மணிநேரக் கடல், நாளுக்குச் சில படகுகள்.

கணக்குப் பார்ப்போம். கண்ணை அளந்து வில்லையின் பவரைக் குறிக்க ஒரு பயணம். வெட்ட ஒன்று. கிழமைச் சோதனை, மாதச் சோதனை. போக வர எட்டுத் தரம் கடல். சீனியோ பிரஷரோ கூடியிருந்தால் திகதி மாறும், இன்னும் இரண்டு தரம். மற்றக் கண்ணுக்கு முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் கூட ஓராள் வேண்டும். மகன் வந்தால் அன்று தொழில் இல்லை. வெட்டும் நேரமோ இருபது நிமிடம்கூட வராது. சோளகக் காற்றில் ஆடும் படகில், கண் மங்கிய கிழவி தடவித் தடவிக் கால் வைப்பதைப் பார்த்தவர் "ஏன் பிந்தி வந்தனீங்கள்?" என்று கேட்கமாட்டார்.

'இலவசக் கண் முகாம்' என்று பதாகை கட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். டோர்ச் அடித்து, பெயர் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போவது கால்வாசி வேலைகூட இல்லை. வெட்டு இலவசம் என்றால் மட்டும் ஆள் வராது என்பதை அரவிந்த் பட்டுத்தான் அறிந்தது. பிறகு பஸ்ஸில் ஏற்றிப்போய், சோறும் படுக்கையும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நெடுந்தீவுக்குப் பஸ்ஸின் இடத்தில் படகு. அளவெடுப்பையும் சோதனைகளையும் தீவு ஆஸ்பத்திரியிலேயே முடித்தால் எட்டு இரண்டாகும். கோயில்தோறும் மடம் கட்டிய ஊர், பெரியாஸ்பத்திரிப் பக்கம் தீவாருக்கு ஒரு மடம் கட்டமாட்டாதா?

வீடு திரும்பிய பிறகும் பாடு உண்டு. விறகுப் புகை ஆகாது, தலையில் தண்ணீர் வார்க்கக் கூடாது. நாளுக்குப் பல தரம் சொட்டு மருந்து விடவேண்டும். பிள்ளைகள் பாரிசிலும் ரொறன்ரோவிலும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அயல்வீட்டுப் பெட்டைதான், ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் மருந்துமாக, "ஆச்சி, அண்ணாந்து பாருங்கோ" என்று விட்டுவிட்டு ஓடும்.