நீண்டு சுருங்கிய மணி

விரித்த கையளவு சுண்ணாம்புக்கல் சில்லு ஒன்று. அதில் கறுப்பு மையால் ஓர் அரைவட்டம். அதன் நேர்கோட்டு நடுவில் சிறு குழி. அங்கிருந்து விசிறிபோல் விரியும் கோடுகள் அரைவட்டத்தை 12 பங்காகப் பிரிக்கின்றன. எகிப்தின் அரசர்கள் பள்ளத்தாக்கில் பாசெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்து, 2013இல் உலகுக்குச் சொன்ன பொருள் இது. வயது ஏறக்குறைய 3,200 ஆண்டு. குழியில் ஒரு குச்சியைச் செருகினால் சூரியக் கடிகாரம் தயார்.

அது கிடைத்த இடம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. அரண்மனையில் அல்ல, கோயிலிலும் அல்ல. கல்லறை வேலை செய்த தொழிலாளர்களின் கற்குடிசைகள் இருந்த பகுதியில். ஒவ்வொரு பங்கின் நடுவிலும் ஒரு பொட்டு வேறு வைத்திருக்கிறார்கள். அரை மணிகூட அவர்களுக்குக் கணக்கு!

ஆனால் அது நம் 60 நிமிட மணி அல்ல. எகிப்தியர்கள் பகலை எப்போதும் 12 பங்காகவே பிரித்தார்கள். பகல் நீண்டால் மணியும் நீளும். பகல் சுருங்கினால் மணியும் சுருங்கும். இதற்குப் ‘பருவ மணி’ என்று பெயர். அந்தப் பள்ளத்தாக்கில் கோடையின் மிக நீண்ட பகல் சுமார் 13 மணி 40 நிமிடம். அதில் 12இல் ஒரு பங்கு 68 நிமிடம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் அதே பங்கு 53 நிமிடம்தான்.

பகலில் சூரியனே வழிகாட்டியது. இரவில்?

அதற்குத் தண்ணீர். கார்னாக் கோயிலில் 1904இல் உடைந்த துண்டுகளாகக் கிடைத்த நீர்க்கடிகாரம், அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் காலத்தது. 3,300 ஆண்டுக்கும் பழையது. ஓரடிக்குச் சற்று அதிக உயரமுள்ள கல் பாத்திரம், கிட்டத்தட்ட நம் வீட்டுப் பூந்தொட்டியின் வடிவம். அடியில் சிறு துளை. நிரப்பி வடியவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் மணி தெரியும்.

அந்தப் பூந்தொட்டி வடிவம் அழகுக்காக வந்ததல்ல. மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் தண்ணீர் சீறும். தீரப்போகும்போது நூலாக ஒழுகும். மட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் பாதியாகிவிடும். நேர்ச்சுவர்ப் பாத்திரமானால் முதல் மணியில் மட்டம் மளமளவென இறங்கும், கடைசி மணியில் நகரவே நகராது. எகிப்தியர்கள் சுவரை வெளிப்பக்கம் சாய்த்தார்கள். தண்ணீர் வேகமாக ஓடும் மேல்பகுதி அகலம். மெதுவாக ஓடும் அடிப்பகுதி குறுகல். அதனால் மட்டம் ஓரளவு ஒரே சீராக இறங்கும். துல்லியம் வேண்டுமென்றால் சுவரை வளைக்க வேண்டும். வெறும் சாய்வு போதாது. ஆனாலும் இந்த ஓட்டத்துக்கான விதியை இத்தாலியின் டாரிசெல்லி எழுதியது 17ஆம் நூற்றாண்டில்தான்!

மாதத்துக்கு மாதம் நீளம் மாறும் இரவை என்ன செய்வது? பாத்திரத்தின் உட்சுவரில் 12 வரிசைப் பொட்டுகள், மாதத்துக்கு ஒன்று. இரவு நீளும் மாதத்தில் பொட்டுகள் தள்ளித் தள்ளி. குறுகும் மாதத்தில் நெருக்கமாக. மிக நீண்ட இரவின் நீளமும் மிகக் குறுகிய இரவின் நீளமும் 14க்கு 12 என்ற விகிதத்தில் இருக்கும் என்ற கணக்கை, இந்த நீர்க்கடிகாரத்துக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெனெம்ஹெத் என்ற அதிகாரி தன் கல்லறைச் சுவரில் பதித்திருந்தார்.

ஆக, நள்ளிரவில் மணி பார்ப்பவர் விளக்கை ஏந்திப் பாத்திரத்துக்குள் குனிந்து, முதலில் அந்த மாதத்தின் வரிசையைத் தேட வேண்டும். பிறகுதான் தண்ணீர் எந்தப் பொட்டைத் தொட்டு நிற்கிறது என்று எண்ண முடியும்.