நெஞ்சு வலியும் உணவுக் குழலும்

நெஞ்சு என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் பல பொருள்களில் வழங்கி வருகிறோம். மார்பும் நெஞ்சு; மார்புக்குள் துடிக்கும் இருதயமும் நெஞ்சு; நினைக்கின்ற மனமும் நெஞ்சு. கவிதைக்கு இது வளம். ஆனால், ‘நெஞ்சை வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்லும்போது, எது வலிக்கிறது என்பதை அச்சொல் நமக்குக் கூறுவதில்லை. ‘நெஞ்செரிச்சல்’ என்கிறோம், அங்கே எரிவது உணவுக் குழல். ‘நெஞ்சை அடைக்கிறது’ என்கிறோம். சோறு இறங்காமல் நின்றாலும் அதே சொல், இருதயத்தின் இரத்தக் குழாய் அடைபட்டாலும் அதே சொல். இந்தச் சொற்குழப்பத்துக்குள் மறைந்து கிடக்கும் ஒரு நோயைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். உணவுக் குழலின் இசிவு என்று அதனைச் சொல்லலாம்.

உணவுக் குழல் என்பது தொண்டையின் அடியிலிருந்து இரைப்பை வரையில் செல்லும், ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக் குழல். மூச்சுக் குழலுக்குப் பின்னும், அப்பால் இருதயத்துக்குப் பின்னும் இறங்கி, உதரவிதானத்தை ஊடுருவி வயிற்றுக்குள் நுழைகிறது. விழுங்கிய கவளம் கிணற்றில் போட்ட கல்லைப் போலத் தானே விழுந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். வகுப்பிலே மாணாக்கர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ‘மாடு தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கிறதே, அந்தத் தண்ணீர் கழுத்தில் மேல்நோக்கி எவ்வாறு ஏறுகிறது?’ என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு வருடமே, அதாவது 1896இல், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவ மாணவராயிருந்த வால்ட்டர் கானன் என்பவர், பிஸ்மத் கலந்த இரையை ஒரு வாத்துக்குக் கொடுத்து, அதன் நீண்ட கழுத்தினுள் இரை செல்வதைத் திரையிலே கண்டார். இரை விழவில்லை, தள்ளப்பட்டுச் சென்றது.

கவளத்துக்கு மேலுள்ள தசை சுருங்குகிறது. கீழுள்ள தசை தளர்ந்து வழிவிடுகிறது. இச்சுருக்கம் ஓர் அலை போல ஓடி எட்டுப் பத்து விநாடிகளில் கவளத்தை இரைப்பையிற் சேர்க்கிறது. இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. விழுங்கியவுடன் நரம்புகள் குழல் முழுவதற்கும் முதலில் ‘பொறு’ என்றே ஆணையிடுகின்றன. அதன் பின்னரே ‘சுருங்கு’ என்னும் ஆணை மேலிருந்து கீழாக முறைப்படி செல்கிறது. தியாகராய நகரில் மாடிக் கட்டடங்கள் எழும்பும்போது பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் தம் முறை வரும் வரையில் கையை விரித்துக் காத்திருப்பதனால்தான் வேலை நடக்கிறது. கடைசியில் நிற்கும் நால்வர் முறை வருமுன்பே கையை இறுக மூடிக்கொண்டால் சட்டி என்ன ஆகும்? நடுவழியில் நின்றுவிடும்.

இசிவில் நிகழ்வது இதுவே. ‘பொறு’ என்னும் ஆணை வலுவிழந்து, குழலின் கீழ்ப்பகுதி காலத்துக்கு முன்பே சுருங்கிவிடுகிறது. விழுங்கத் தொடங்கியதிலிருந்து 4.5 விநாடிக்குள் கீழ்ப்பகுதி சுருங்குமானால் அதனை முந்திய சுருக்கம் என்று இன்றைய மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். பத்து முறை விழுங்கச் செய்து, இரண்டு முறையேனும் அவ்வாறு நேர்ந்து, உடன் தொல்லைகளும் இருக்குமாயின் இசிவு என்று கொள்கின்றனர். இன்னொரு வகையினருக்கு முறை தவறுவதில்லை. அலை வரிசையாகவே வருகிறது. ஆனால் சம்மட்டி கொண்டு அடிப்பது போல வருகிறது.

1889இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஹாமில்ட்டன் ஆஸ்குட் என்பவர் இத்தகைய நோயாளிகள் அறுவரைப் பற்றி எழுதினார். மூன்று ஆண்டு கழித்து, புகழ் பெற்ற வில்லியம் ஆஸ்லர் தம்முடைய பெரிய மருத்துவ நூலில், ஹிஸ்டீரியா உடையவர்களுக்கும் நோயச்சம் மிகுந்தவர்களுக்கும் வருவது இது என்று குறித்தார். பெரியவர்களின் வாக்குக்கு ஆயுள் அதிகம். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்படும் நோயாளிகள் இன்றும் இருக்கிறார்கள். வலி உண்மையானது, குழலினுள் அழுத்தத்தை அளந்தால் எண்ணாகவே அது தெரிகிறது. மனக்கவலை அவ்வலியைப் பெருக்கக்கூடும் என்பது வேறு. கவலையேதான் வலி என்பது வேறு.

அப்படியானால், நெஞ்சு வலி வந்ததும் ‘இது இசிவுதான்’ என்று இருந்துவிடலாமா? ஒருகாலும் கூடாது. இருதயத்திலிருந்தும் உணவுக் குழலிலிருந்தும் வலியை ஏந்திச் செல்லும் நரம்புகள் முதுகுத் தண்டில் ஏறக்குறைய ஒரே இடங்களிற் சென்று சேர்கின்றன. முகவரி அழிந்த கடிதத்தைப் போல, எந்த வீட்டிலிருந்து வந்த செய்தி என்று மூளைக்கு விளங்குவதில்லை. இரண்டிலும் மார்பின் நடுவே இறுக்கும் வலி. இரண்டிலும் அது முதுகுக்கும் தாடைக்கும் தோளுக்கும் பரவலாம். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை இருதய வலியைத் தணிப்பது போலவே, குழலின் தசையைத் தளர்த்தி இசிவையும் தணிக்கக்கூடும். ஆகவே, மாத்திரையில் வலி நின்றதைக் கொண்டும் நாம் எதையும் முடிவு செய்ய இயலாது.

நாகேசுவரராவ் பூங்காவில் காலையில் உலாவுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். நடக்கும்போதோ படியேறும்போதோ வந்து, நின்றவுடன் தணிகின்ற வலி இருதயத்தைச் சுட்டுகிறது. உண்ணும்போது, அதிலும் மிகச் சூடான அல்லது மிகக் குளிர்ந்த பொருளை விழுங்கும்போது, வருகின்ற வலி குழலைச் சுட்டுகிறது. இது குறிப்பே அன்றித் தீர்ப்பு அன்று. வயிறு நிரம்ப உண்டபின் இருதய வலி வருவதும் உண்டு. நீரிழிவுக்காரர்களுக்கும், முதியவர்களுக்கும், பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் வயிற்று மந்தம் போலவே வேடமிட்டு வரலாம்.

நம் ஊரில் இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ‘ஒன்றுமில்லை, வாயுதான், ஒரு சோடா வாங்கி வா’ என்பார் வீட்டுப் பெரியவர். பையனும் தெருமுனைக்கு ஓடுவான். சோடாவைக் குடித்து ஓர் ஏப்பம் வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி! ஏப்பம் இருதயத்துக்கு நற்சான்று ஆகாது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையிற் சிறிது மடிந்துகொண்டே போகிறது. அந்த நேரத்தைச் சோடாவிலும் பெருங்காய மோரிலும் செலவிட்டுவிட்டுப் பிறகு மருத்துவரை நோவதில் பயனில்லை. புதிதாக வந்த நெஞ்சு வலி சில நிமிடங்களில் நீங்காவிட்டாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் மயக்கமும் சேர்ந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஊர்தி கட்டணமின்றி வருகிறது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள், இரத்தத்தில் ட்ரோபோனின் என்னும் பொருளின் அளவைப் பார்ப்பார்கள், தேவையானால் சில மணி கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாயிருந்தது என்று வீடு திரும்ப அவசரப்படலாகாது.

மயிலையில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என்னுடைய நண்பர், தியாகராய நகரில் ஒரு திருமண விருந்தில் கொதிக்கும் பாயசத்தின் மேல் ஐஸ்கிரீமையும் விழுங்கினார். அடுத்த கணம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ‘எனக்கு ஒன்றுமில்லை அம்மா’ என்று அவர் தடுத்தும் கேளாமல் அவருடைய மருமகள் 108ஐ அழைத்துவிட்டாள். அந்தப் பெண் செய்ததே சரி. இருதயத்திற் குறையில்லை என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் வலி அடிக்கடி திரும்பி வந்தது. வெந்நீர்கூட இறங்காமல் நின்ற நாட்களும் உண்டு. நோயின் பெயர் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். நோய் அவரை இளைக்கச் செய்யவில்லை. உண்பதற்கே அஞ்சி இளைத்தார். இளைப்பைக் கண்டு வீட்டார் வேறொரு பயம் கொண்டனர்.

அந்தப் பயம் நியாயமானது. விழுங்குவதில் தடை என்றால் அடுத்தபடியாக ஆராய்ந்து விலக்க வேண்டியது புற்றுநோய். இசிவில் சோறும் தண்ணீரும் ஒன்றுபோலத் தடைப்படும். இன்று தடைப்பட்டு நாளை சுகமாக இறங்கும். புற்றிலோ, முதலில் சப்பாத்தி போன்ற கெட்டிப் பொருள், சில வாரங்களில் குழைந்த சோறு, பிறகு கஞ்சி என்று வழி நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வரும். புகையிலையும் மதுவும் பழகியவர்கள் இதை ஒரு நாளும் அலட்சியம் செய்யக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் நமக்கு அண்மையிலே இருக்கிறது. இருந்தும், ‘அடையாறு’ என்ற பெயரைக் கேட்கவே நடுங்கி நாளைக் கடத்துபவர்களை நான் அறிவேன். அங்கே போவதனால் நோய் வருவதில்லை.

ஆகையால், மருத்துவர் முதலில் உள்நோக்குக் குழாயை இறக்கிக் குழலின் உட்புறத்தைப் பார்ப்பார். பேரியம் என்னும் வெண்ணிறக் கரைசலைக் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுத்தால், சிலருக்குக் குழல் உருத்திராட்ச மாலையைப் போல இடையிடையே குறுகித் தோன்றும். முடிவான சோதனை அழுத்த அளவைதான். மூக்கின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, சிறு சிறு மடக்காகத் தண்ணீர் விழுங்கச் சொல்வார்கள். சற்றுச் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளக் கூடியதே. இச்சோதனைக்கு வருபவர்களிலும் சிறு பங்கினருக்கே இசிவு இருப்பதாகத் தெரிகிறது. பெரும்பாலும் குற்றவாளி இரைப்பை அமிலம் மேலேறும் எதுக்களிப்பு நோய்தான். அவ்வமிலமே இசிவைத் தூண்டுவதும் உண்டாகையால், பல மருத்துவர்கள் முதலில் அமிலத்தை அடக்கும் மருந்தைத் தருகின்றனர்.

வீட்டில் நாம் செய்யக் கூடியவை எளியவை. மென்று, மெல்ல, சிறு கவளமாக உண்ண வேண்டும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மயிலாப்பூர்க்காரரிடம் காபியை விட்டுவிடு என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. எல்லோருக்கும் அது ஆகாது என்பதும் இல்லை. ஆவி பறக்கப் பறக்க விழுங்காமல் டவராவில் நன்றாக ஆற்றிக் குடித்தால் போதும். தமக்கு ஆகாதது எது என்பதை அவரவரே கண்டு விலக்கலாம். டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். இத்தொல்லை உடையவர்கள் இதை மட்டும் விட்டு, மடக்கு மடக்காகப் பருகுவது நலம். இசிவு என்று உறுதியாகத் தெரிந்தவர், வலி வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டு, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக அருந்திப் பார்க்கலாம். சிலருக்கு இதம் தருகிறது. உணவு சிக்கி உமிழ்நீர்கூட இறங்கவில்லையானால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருந்துகளில், இரத்த அழுத்தத்துக்குத் தரும் டில்டியாசெம், நிஃபெடிபின் போன்றவை குழலின் தசையையும் தளர்த்துகின்றன. இரத்த அழுத்தத்தையும் இறக்குமாதலால் இவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. மனச்சோர்வுக்கான மருந்தைச் சிறிய அளவில் தருவதும் உண்டு. ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். நரம்புகளின் கூச்சத்தைக் குறைப்பதற்காக அதைத் தருகிறார்கள். ஓபியம் இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகள் இசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், வேறு நோய்க்காக உண்ணும் மாத்திரைகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடங்காதவர் சிலருக்கு, போட்டுலினம் என்னும் மருந்தை உள்நோக்குக் குழாய் வழியே தசையில் ஏற்றுகின்றனர். அதன் பலன் சில மாதங்கள் நிற்கும். ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனூவே 2008இல் தொடங்கிய முறையில், மார்பைக் கிழிக்காமல் வாய் வழியே சென்று தசையைக் கீறித் தளர்த்துகின்றனர். விழுங்குவதைத் தடுக்கும் அகலேசியா என்னும் வேறொரு நோய்க்காக வந்த முறை அது. இசிவுக்கும் இப்போது பயன்படுகிறது. பெரும்பாலோர்க்கு அவ்வளவு தூரம் செல்ல நேர்வதில்லை. மருத்துவரிடம் போகும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வலி வந்த நாள், நேரம், அப்போது உண்டது என்ன, நடந்துகொண்டிருந்தோமா உட்கார்ந்திருந்தோமா, எவ்வளவு நேரம் நின்றது, தண்ணீர் இறங்கியதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். என் நண்பருடைய மருமகள் அவ்வாறு மூன்று மாதம் எழுதி வைத்த ஏட்டைப் பார்த்த பிறகுதான் ஒரு மருத்துவர் அவரை அழுத்த அளவைச் சோதனைக்கு அனுப்பினார்.