தீர்வுக்கு முன்னால் சிக்கலை எழுதுங்கள்

ஒரு சமூகச் சிக்கலை எடுத்து, அதற்குத் தீர்வு சொல்லி, படிப்பவரை ஏற்கவைக்கும்படி கட்டுரை எழுதச் சொன்னால், மும்பை தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. வாசலைத் தாண்டினால் கிடைக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 'ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி' என்று தொடங்கி, நெரிசல், குப்பை, கழிப்பறைப் பற்றாக்குறை என்று அடுக்கி, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று முடித்துவிடலாம். அடுக்கிய குறைகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தாராவியை எடுத்துவிட்டு வேறொரு நகரத்தின் பெயரைப் போட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும். அதனாலேயே அது யாரையும் ஏற்கவைக்காது. இத்தகைய கட்டுரையின் வலு, சிக்கல் யாருடையது, எந்த இடத்தில் இறுகுகிறது என்று காட்டும் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தாராவியில் முதல் கொரோனா தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று தெரியவந்தது. வீட்டிலேயே இருங்கள், தள்ளி நில்லுங்கள் என்பதே அப்போது உலகம் முழுதும் சொல்லப்பட்ட தீர்வு. ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுத்துறங்கி, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் அது நடக்காது. தாராவி அடங்கிய, மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அதிகாரிகள் கேள்வியையே மாற்றினார்கள்: மக்களை எப்படி வீட்டில் இருக்கவைப்பது என்பதை விட்டு, தொற்றுள்ளவரை அந்த ஒற்றை அறையிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது என்று யோசித்தார்கள். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமை முகாம்களாயின. காய்ச்சல் முகாம்கள் நடந்தன. பகுதியின் தனியார் மருத்துவர்களும் இறங்கினார்கள். பொதுக் கழிப்பறைகளுக்குத் திரும்பத் திரும்பக் கிருமிநாசினி அடிக்கப்பட்டது. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். இதை மேற்கோள் காட்டும் மாணவர் எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. தொழிலாளர்கள் ஏராளமானோர் ஊர் திரும்பியிருந்தார்கள். வேறு வார்டுகளான மாட்டுங்கா, செம்பூர், தஹிசரில் அந்த ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஆய்வில், குடிசைப் பகுதியினரில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோனது தெரிந்தது. மற்ற பகுதிகளில் 16 சதவீதம். ஆகவே 'தாராவி கொரோனாவை வென்றது' என்று எழுதுவது மிகை. 'கேள்வியைத் திருத்தியதால் செய்யக்கூடிய வேலை கண்ணுக்குத் தெரிந்தது' என்று எழுதினால் அது நிற்கும்.

தாராவியின் குடிசைகளுக்குப் பதில் வீடு கட்டித்தரும் இன்றைய மறுசீரமைப்புத் திட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 'தாராவியில் நல்ல வீடு இல்லை' என்று சிக்கலை எழுதினால், அடுக்குமாடி கட்டுவதே தீர்வாகத் தானே வந்து உட்காரும். திட்டத்தின் விதியைப் படித்தால் சிக்கல் வேறாகத் தெரியும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, 2.5 லட்சம் ரூபாய் கட்டணத்தில் வீடு. மாடி அறையில் இருப்பவருக்கும் வெளியேதான், வாடகை கட்டிச் சொந்தமாக்கும் ஏற்பாடு. தோல் பட்டறையிலோ தையல் கூடத்திலோ வேலை பார்த்து அதன் மேலேயே குடியிருப்பவருக்கு, வீடு தூரம் போனால் பிழைப்பும் போகும். அவருடைய சிக்கலை முதலில் எழுதியவர், தீர்வை எத்தனை சதுர அடி என்பதில் தேட மாட்டார். பட்டறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதில் தேடுவார்.

கெடு தேதி வைக்காவிட்டால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்களே, திட்டம் எப்போது முடியும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. தேதி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே, அந்தத் தேதி இலவசமா கட்டணமா என்பதைத் தீர்மானிக்கட்டும், உள்ளேயா வெளியேயா என்பதை ஏன் தீர்மானிக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கலாம். அந்தப் பகுதிக்காரரே எழுதினால் ஒருசார்பாகாதா என்றும் கேட்பார்கள். அங்கே வாழ்வது மட்டுமே சான்றாகிவிடாது. ஆனால் சான்றை எங்கே தேடுவது என்று அது சொல்லிக்கொடுக்கும்.

எதிர்த்தரப்பை மறைக்காமல் பதில் சொல்வதற்கு, லேபர் கேம்ப் கொண்டாடும் அம்பேத்கரிடமே முன்மாதிரி உண்டு. லாகூரில் பேச எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையை, கூட்டம் ரத்தானதால் 1936-இல் தாமே அச்சிட்டார். காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து அச்சிட்டு, அதன் பின்னரே தம் பதிலை வைத்தார் அம்பேத்கர்.