பூதிகோட்டைக்கு ஒரு நடைப்பயணம்

சுற்றுலா செல்வர்க்கே உரியதென நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். 2001இல் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டபின், விடியுமுன் பெங்களூர் ரயிலேறி இரவில் திரும்பும் தந்தையர் பலர். அவர்தம் மக்களோடு அளவளாவக் கிடைப்பது ஞாயிறு ஒன்றே. அந்நாளைப் பூதிகோட்டையிற் கழிக்கலாமே!

பூதி என்பது திருநீறு. 18ஆம் நூற்றாண்டில் மைசூரை ஆண்ட ஐதர் அலி பிறந்த ஊர் இதுவே. பங்காருப்பேட்டையிலிருந்து பேருந்திற் சென்று, பாறைக்குன்றின்மீது நடந்தேறலாம். அருகே மார்க்கண்டேய நதியின் அணையுண்டு. அந்நதி தென்பெண்ணையிற் கலந்து, கடலூரருகே கடல் சேர்கிறது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிற்கே அந்நீர் செல்கிறதெனப் பிள்ளைகட்குக் கூறுவோம்.

கட்டுச்சோறும் குடிநீரும் கொண்டு சென்றால் பேருந்துக் கட்டணமே செலவு. வெயிலேறுமுன் குன்றேறுவோம்; குப்பையை அங்கே விடாது திரும்பக் கொணர்வோம்.