ஓடாத வண்டியின் எண்ணெய்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர் எவராயினும் கதவைத் திறந்ததும் குனிந்து பார்ப்பது மீற்றரைத்தான். பன்னிரண்டு வயதான காரில் முப்பத்தோராயிரம் கிலோமீற்றர் மட்டுமே காணப்பட்டால், புதையற் குடத்தைக் கண்டவர்போல அவர் முகம் மலர்ந்துவிடுகின்றது. விற்பவரும் அம்மலர்ச்சியை எதிர்பார்த்தே நிற்கின்றார். "ஓட்டமே இல்லை, ஐயா. ஒயிலைப் பாருங்கோ, தேன்மாதிரிக் கிடக்குது. இன்னும் ஒரு வருசத்துக்கு மாத்தத் தேவையில்லை" என்கின்றார். மீற்றர் காட்டும் எண் மெய்யானதா என்பது தனி வழக்கு. அதைப் பின்னுக்குத் திருப்பத் தெரிந்த கைகள் இந்நாட்டிற் குறைவல்ல. மிதிகட்டையின் இறப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருக்க மீற்றர் மட்டும் இளமை பேசுமாயின், நம்பவேண்டியது மிதிகட்டையையே. எண் மெய்யென்றே வைத்துக்கொள்வோம். ஓடாத வண்டிக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமா, வேண்டுமாயின் எப்போது என்பதே நம் கேள்வி.

காங்கேசன்துறையில் இது வெறும் வாதப் பொருளன்று. 1990 ஜூன் மாதத்தில் ஊரே இடம்பெயர்ந்து, பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாக நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, துண்டு துண்டாக விடுவிக்கப்பட்ட மண் இது. உரித்தாளர் பலர் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். திரும்பிவந்து வீட்டைக் கட்டியெழுப்பியவர், ஆண்டுக்கொருமுறை தங்கிப்போகும் மூன்று கிழமைக்கென ஒரு காரையும் வாங்கிக் கொட்டகையில் விட்டுச் செல்கின்றார். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது மற்றைய கார்களும் நின்றன. அட்டைமுறை தொடங்கியபோது காரொன்றுக்குக் கிழமைக்குக் கிடைத்தது 20 லீற்றர். 2020 முதல் 2025 வரை தனியார் வண்டிகளின் இறக்குமதியும் தடைப்பட்டிருந்தமையால், இருக்கின்ற வண்டிகளுக்குள்ளேயே கொள்வனவும் விற்பனையும் நடந்தன. வயது மிகுந்து ஓட்டம் குறைந்த கார்கள் இவ்வாறுதான் நம் ஒழுங்கைகளை வந்தடைந்தன.

நானும் அத்தகைய ஒன்றையே வாங்கினேன். என் தாயாரை மாதந்தோறும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. முச்சக்கர வண்டியின் குலுக்கத்தை அவர் உடம்பு தாங்கவில்லை. வாங்கிய மறுநாளே சுன்னாகத்திலுள்ள ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மீண்டும் அமிழ்த்தி எடுத்தார். ஒயில் மேற்கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தொட்டு முகர்ந்தார். "மாஸ்ரர், இது ஓடித் தேஞ்ச ஒயில் இல்லை, கிடந்து கெட்ட ஒயில்" என்றார்.

ஒயில் குறைவது எவர்க்கும் விளங்கும்; கூடுவது எங்ஙனம்? விடை அந்தக் காரைக் காத்து வந்தவரின் நல்லெண்ணத்தில் இருந்தது. அவர் வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் கொட்டகைக்குச் சென்று, ஐந்து நிமிடம் எஞ்சினை இயக்கி நிறுத்தியிருக்கிறார். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் பிறக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே ஒயிற் தொட்டிக்குள் இறங்கும். குளிர்ந்த எஞ்சினில் முற்றாக எரியாத பெற்றோலும் அவ்வழியே இறங்கும். அரைமணி நேரம் ஓடும் வண்டியில் ஒயில் நன்கு சூடேறி இவ்விரண்டையும் ஆவியாக்கி வெளியேற்றிவிடும். ஐந்து நிமிடத்தில் ஒயில் வெதுவெதுப்பாவதற்குள் எஞ்சின் நின்றுவிடுகிறது. நீரும் பெற்றோலும் அங்கேயே தங்குகின்றன. நீர் தங்கினால் அமிலம் உண்டாகும். அமிலத்தை முறிப்பதற்கென ஒயிலிற் சேர்க்கப்பட்ட காரப்பொருள் மெல்ல மெல்லத் தீர்ந்துபோகும். பார்வைக்கு ஒயில் தேனாகவே இருக்கும். ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் தயிர்போன்ற வெண்மஞ்சட் படிவு ஒட்டியிருக்கும். நான் வாங்கிய காரில் அது இருந்தது.

யாழ்ப்பாணத்து முதியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1990 இல் எரிபொருட்டடை வந்தபின் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடின. சிறிது பெற்றோலைக் கொடுத்து எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாத பொருள். எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் ஒயில் ஏறினால் அதனை இலாபமென்று எவரும் எண்ணவில்லை. விரலிடையே தேய்த்துப் பார்த்து, பிசுபிசுப்பு அற்றுப்போயிருந்தால் மாற்ற வேண்டுமென்று அறிந்திருந்தனர். மைற்கணக்கு அவர்களுக்குப் பயன்படவில்லை. பல வண்டிகளில் மீற்றரே இயங்கியதில்லை.

கம்பனிகள் வெளியிடும் கைந்நூல்களில் இரண்டு கணக்குகள் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும்: இத்தனை கிலோமீற்றர், அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. நம்மவர் முதலாவதை மட்டும் வாசிக்கின்றனர். எஞ்சின் ஒயிலுக்குப் பல கார்களில் ஆண்டொன்றே எல்லை. என் வீட்டிலிருந்து தெல்லிப்பழைக்கு ஆறேழு கிலோமீற்றர்தான். எஞ்சின் சூடேறுவதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஆகையால் நான் ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுவதென முடிவுசெய்தேன். கிழமைக்கொருமுறை காரை யாழ்ப்பாண நகருக்கு ஓட்டித் திரும்பவும் செய்கிறேன். போய்வர முப்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேலாகும், ஒயிலும் நன்கு காயும். கொட்டகையில் நின்றபடி எஞ்சினை உறுமவிடுவதைவிடக் காரைத் தொடாமலே விடுவது மேல்.

எஞ்சின் ஒயிலாவது கெட்டால் எஞ்சினோடு போகும். பிரேக் ஒயில் அப்படியன்று. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே தேடிப் பருகும் இயல்பினது. மூடிய தொட்டியாயினும் மூச்சுத்துளை வழியாகவும் இறப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் நுழைகின்றது. வண்டி ஓடினாலென்ன, நின்றாலென்ன, இது நடந்தே தீரும். கடற்காற்று வீசும் நம் கரையில் ஈரத்துக்கு என்ன குறை? டொட் 3 எனும் தரத்துப் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்கவேண்டும், நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அதற்குரிய எல்லை 140 பாகை. டொட் 4 தரத்தில் 230 பாகை 155 ஆகக் குறைகின்றது. கொதித்தால் குமிழி தோன்றும், குமிழி அமுங்கும், மிதித்த கால் தரைவரை போகும், வண்டி நிற்காது.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். இங்கே எவரும் பிரேக்கை அவ்வளவு சூடேற்றுவதில்லை. ஆகவே குறை ஆண்டுக்கணக்கில் வெளிப்படாது. ஒரு விடுமுறைக்குப் பிள்ளைகளோடு நுவரெலியாவுக்குப் புறப்படுகிறோம். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளையை நோக்கி இறங்கும்போதுதான் கொட்டகையிற் கழிந்த பன்னிரண்டு ஆண்டும் அந்த மிதிகட்டையின் கீழ் வந்து நிற்கும். நிறம் தேநீர்போலக் கறுத்திருந்தாலோ, முன்னர் மாற்றியதற்குச் சான்றில்லாவிட்டாலோ, வாங்கிய அன்றே மாற்றுவது தகும், அதன்பின் இரண்டாண்டுக்கொருமுறை. ஒன்று கவனிக்கவேண்டும்: பாதி ஊற்றி வைத்த போத்தல் பயன்படாது. தட்டிலிருந்தபடியே அதுவும் ஈரம் குடித்திருக்கும்.

றேடியேற்றர் நீரைப் பற்றிக் காங்கேசன்துறையார்க்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1950 இல் இங்கே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததற்குக் காரணம் நம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லே. அக்கல்லினூடாக ஊறிவரும் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளைப் பாறை படிகின்றது. றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிலும் அதுவே படியும். கரையோரக் கிணற்றின் உப்பு அலுமினியத்தை அரிக்கும். பனி உறையாத ஊரில் உறைதடுப்புத் திரவம் எதற்கென்று கேட்பவர் உண்டு. அதன் பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. இவ்வூரில் அது செய்யும் வேலை துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும். துருத்தடுப்பு மருந்தும் நாட்செல்லத் தீர்ந்துபோவதே. பழைய வகைக்கு இரண்டாண்டு, நீடித்த வகைக்கு ஐந்தாண்டு அளவில் ஆயுள். நிறத்தை நம்பி வகையைத் தீர்மானிக்க வேண்டாம். பச்சையும் சிவப்பும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கலப்பதற்குக் கிணற்று நீர் கூடாது, காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

எஞ்சியவை கியர் ஒயிலும் அச்சுப்பெட்டி ஒயிலும். அங்கே நெருப்பில்லை, புகையில்லை. ஆதலால் காலம் அவற்றை அவ்வளவு விரைவில் தின்பதில்லை. அளவு சரியாயிருந்து, மாரி வெள்ளம் புகுந்து பால்நிறமாகாதிருந்தால் விட்டுவிடலாம். தன்னியக்கக் கியர்ப்பெட்டியில் கருகல் மணம் வந்தால் மாற்றவேண்டும். மாற்றும்போது அந்தக் கம்பனி குறித்த ஒயிலையன்றி வேறொன்றை ஊற்றலாகாது. "எல்லாத்தையும் ஒருக்காக் கழுவி மாத்திவிடுவம்" என்று சொல்பவர் ஒயில் விற்கிறார் என்பது என் கருத்து. எஞ்சின் ஒயில், பிரேக் ஒயில், றேடியேற்றர் நீர் ஆகிய மூன்றோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

வடித்த ஒயிலை என்ன செய்வது என்பதும் இவ்வூரில் ஒரு கேள்வியே. வேலியோரம் ஊற்றுவது பலருக்கு வழக்கம்; கறையானுக்கு நல்லதாம். நம் நிலம் துளையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. கீரிமலைக் கேணிக்கு நன்னீர் வந்து சேர்வது அத்துளைகளின் வழியேதான், வேலியோரத்து ஒயில் கிணற்றுக்குப் போவதும் அவ்வழியேதான். சுன்னாகத்தில் மின்னிலையத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்ததை இவ்வீதியில் வாழும் எவரும் மறந்திரார். என் காரிலிருந்து வடித்தது மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடுதல். புதிய ஒயில் வந்த கலத்திலேயே அதை ஊற்றி இறுக மூடிக் கராச்சின் பீப்பாவிற் சேர்ப்பித்தேன். பிரேக் ஒயிலை மட்டும் வேறொரு போத்தலிற் கொடுத்தேன்; இரண்டும் கலந்துவிட்டால் பழைய ஒயில் வாங்க வருபவர் அந்தப் பீப்பாவை எடுக்கமாட்டாராம்.