கணக்கேட்டில் ஒரு தவவாழ்வு

வணிகவியல் படிப்பவர்களைப் பற்றி ஊரில் ஒரு நினைப்பு உண்டு. வரவு, செலவு, இலாபம், நட்டம் என்ற நான்கு சொற்களுக்குள் இவர்கள் வாழ்க்கை அடங்கிவிடும் என்பதே அது. வழிபாட்டுக்கும் பேரேட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உளர். கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ தொழுவது ஒன்று, கடையில் கணக்கெழுதுவது வேறொன்று என்று நாமும் பிரித்து வைத்துவிடுகிறோம். அப்படிப் பிரிக்க மறுத்த ஒரு தமிழரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். வணிக நிர்வாகம் கற்று, பேராசிரியராகப் பணியாற்றி, தாம் நம்பிய கிறிஸ்தவ நெறியைக் கிராமத் தொண்டாக வாழ்ந்து காட்டிய ஜே. சி. குமரப்பா அவர்களே அவர்.

தொழிலும் தொண்டும் ஒரே மனிதரிடம் கூடியிருப்பது உலகில் புதுமையன்று. அமெரிக்காவில் 1830இல் ஜோசப் ஸ்மித் தோற்றுவித்த மார்மன் சபையில், ஊர்ச் சபைகளை நடத்துவோருக்குச் சம்பளம் கிடையாது. வார நாட்களில் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சபைத் தலைவராக இருந்து ஏழைக் குடும்பங்களின் தேவைகளைக் கவனிப்பது அங்கே இயல்பு. உறுப்பினர்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்கு அளிக்கின்றனர். குமரப்பாவிடம் இந்தக் கூட்டு வேறு வடிவம் கொண்டது. அவர் தொழில் முடிந்த பின் தொண்டுக்குச் செல்லவில்லை. கணக்கெழுதும் தொழிலையே தொண்டாக்கினார்.

குமரப்பா 1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். இலண்டனில் கணக்காயர் தேர்வில் வென்று, பின்னர் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். மேல்நாட்டு உடையும் வசதியான வாழ்வும் அவருக்கு இயல்பாக இருந்தன. அமெரிக்கா சென்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அடுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவொன்று பேராசிரியர் செலிக்மனின் கவனத்தை ஈர்த்தது. அதையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு அவர் கூற, ஆங்கில ஆட்சி வசூலித்த வரி எங்கே போயிற்று என்று குமரப்பா கணக்குப் பார்த்தார். அதுவரை முதலாளிகளின் ஏடுகளைத் தணிக்கை செய்தவர், ஒரு பேரரசின் ஏட்டையே தணிக்கை செய்தார் எனலாம். அந்தத் தணிக்கை அவர் வாழ்வைத் திசை திருப்பிவிட்டது.

அந்த ஆய்வுரையை வெளியிடும் பொருட்டு 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். காந்தியடிகள் அதைத் தம் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டதோடு, குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியராகவும் அவரைச் சேர்த்துக்கொண்டார். கார்னீலியஸ் என்ற பெயர் நீங்கி, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பது நிலைத்தது. பேராசிரியராக அவர் செய்த முதற் பெரும்பணியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவிற்குச் சென்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் வீடு வீடாக நுழைந்து, உழவனின் வரவென்ன, கடனென்ன, வரியென்ன என்று எழுதி வந்தனர். வகுப்பறையில் படித்த கணக்கியல் ஏழையின் குடிசைக்குச் சென்றது.

கணக்கில் அவர் காட்டிய கண்டிப்பிற்கு ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இராஜேந்திர பிரசாத் அவர்களின் நிவாரணப் பணியில் நிதிப் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர்களுக்கு நாளொன்றுக்கு மூன்றணா உணவுப்படி. காந்தியடிகள் தம் குழுவினருடன் வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று சொல்லிவிட்டாராம். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். வீடிழந்தவனுக்கென்று வந்த காசு அவனுக்கே சேர வேண்டும் என்பதில் அவருக்கு ஆள் வேறுபாடு கிடையாது.

அவருடைய சமயப் பற்றும் இத்தகையதே. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகிகள் தடியடி பட்டபோது, அன்பைப் போதிக்கும் திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று கல்கத்தாவிலிருந்த தலைமைப் பேராயருக்கே எழுதினார். சபையைக் கேள்வி கேட்டாரேயன்றி இயேசுவை விட்டு அவர் விலகவில்லை. சிறையில் இருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் ஒரு நூலும் எழுதினார். ஒன்று சமயம், மற்றொன்று பொருளியல். அவர் மனத்தில் இரண்டும் ஒரே நூலின் இரு பாகங்களே.

அந்தப் பொருளியல் நூலில் இயற்கையைப் பார்த்து ஐந்து நிலைகளை வகுக்கிறார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி கடைநிலை. தான் வளர்க்காத தோப்பில் பழம் பறித்துச் செல்லும் குரங்கு அடுத்தது. தன் உழைப்பால் கூடு கட்டும் பறவை மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை ஐந்தாவது. அதுவே தொண்டு நிலை. ஒருவன் வாழ்வையும் ஒரு நாட்டின் வாழ்வையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்பது அவர் கருத்து.

இதெல்லாம் எங்கோ வார்தாவில் நடந்த கதை என்று நம் மாணவ நண்பர்கள் எண்ணலாகாது. 1934 டிசம்பரில் வார்தாவில் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராக அவர் எழுதிய கணக்குகள் நம் வட்டாரத்திற்கே எழுதியவை போலத் தோன்றுகின்றன. திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரும் நண்பர்கள் இருபுறமும் பனைமரங்களைக் காண்பர். பயிர் விளையாத நிலத்திலும் பனை நிற்கும். அதன் வெல்லத்தைப் பயன்படுத்தினால், கரும்பு பிடித்துக்கொள்ளும் நல்ல நிலமும் நீரும் நெல்லுக்கு மிஞ்சும் என்று குமரப்பா கணக்கிட்டுக் காட்டினார். வேர்க்கடலையைப் பற்றியும் அப்படியே. ஊரில் விளைந்த கடலை ஊர்ச் செக்கிலேயே ஆடினால், எண்ணெய் ஊருக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் நிலத்துக்கு, ஆட்டுகூலி செக்காடுபவருக்கு. மூட்டையாக வெளியே போய்ப் புட்டியாகத் திரும்பி வந்தால், இடையில் உள்ள அத்தனையும் ஊரை விட்டுப் போகின்றன.

இதைப் படித்தபோது நான் என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் பனையேறி. பங்குனி, சித்திரை வெயிலில் நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கியவர். பாட்டி அதை அடுப்பேற்றிக் காய்ச்சி வெல்லமாக்குவார். அந்த உழைப்பின் பலனால்தான் என் தந்தை பள்ளிக்குச் சென்றார். நான் கல்லூரிக்கு வந்தேன். ஆயினும் தாத்தாவின் தொழிலை வெளியில் சொல்ல எங்கள் வீட்டில் எவரும் விரும்பியதில்லை. மேல்நாட்டில் பட்டம் பெற்ற ஒரு பேராசிரியர், பனையேறியின் உழைப்பை நாட்டின் செல்வமாகக் கணக்கில் ஏற்றினார் என்று அறிந்த நாளில், பாடநூல் எதுவும் தராத ஒரு நிமிர்வு எனக்கு வந்தது. அதனால்தான் இக்கட்டுரையில் தாத்தாவின் தொழிலைக் கூச்சமின்றி எழுதுகிறேன்.

செக்கையும் பனையையும் வைத்து இன்றைய உலகம் நடக்குமா என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வியே. செக்கெண்ணெய்க்கு விலை அதிகம். மரமேற இளைஞர் இல்லை. குமரப்பா சொன்ன ஒவ்வொரு தீர்வும் இன்றைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி பழையதாகவில்லை. ஒரு பொருளின் விலைக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது, அவனுக்கு நியாயம் கிடைத்ததா என்பதே அக்கேள்வி. 1973இல் ஷூமாக்கர் எழுதிய 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற நூலும் குமரப்பாவை எடுத்துக்காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கி, 1949இல் அறிக்கை அளித்தார். இறுதி ஆண்டுகளில் மதுரை அருகே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் எளிய குடிலில் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் அவர் உயிர் நீத்தார்.

நம் சிற்றூர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் உள்ளன. அவற்றின் ஏடுகளைப் புரியும்படி எழுதித்தர ஆள் தேடுகிறார்கள். தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு மாதம், நம் வகுப்பினர் அவரவர் ஊரில் இப்பணியைச் செய்தால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் நாங்கள் அணியமாக இருக்கிறோம். ஏட்டில் ஒரு வரியும் பிசகாமல் எழுதி, ஏழையின் காசு ஏழைக்கே சேரும்படி பார்த்துக்கொள்வதும் ஒரு வழிபாடே. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவரும் இதனைச் செய்யலாம்.